எட்டாவது குடம்

எம்.காம். இரண்டாம் வருஷத்தில் எங்களுக்கு அட்வான்ஸ்டு ஆடிட்டிங் என்று ஒரு பேப்பர் இருந்தது. அதைப் படிக்கிற வரைக்கும், ஆடிட்டர் என்றால் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்துச் சிவப்பு மையில் டிக் அடிக்கிறவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாடம் எடுத்த மேடம் முதல் வாரமே அந்த நினைப்பைக் கலைத்துவிட்டார். ஒருத்தர் ஒரு விஷயத்தைச் சொல்கிறார். அதை நம்பி இன்னொருத்தர் நடக்கிறார். நடுவில் மூன்றாவது ஆளாக நீங்கள் போய், சொன்னது மெய்தானா என்று பார்த்து எழுதிக் கொடுக்கிறீர்கள். அதற்குப் பேர்தான் அஷ்யூரன்ஸ். அங்கே பணம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

“கணக்குப் புத்தகமே இல்லாத ஒரு இடமா பார்த்துப் போங்க. யார் சொன்னது, யார் நம்புறாங்க, நீங்க என்ன சாட்சி பார்த்தீங்க, உங்க முடிவு என்ன. அஞ்சு பக்கம். இன்டர்னல் இருபத்தஞ்சு மார்க்கும் அதுக்குத்தான்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வண்ணாரப்பேட்டை நண்பன் அப்போதே முடிவு செய்துவிட்டான். அவனுடைய மாமா பிரியாணிக் கடையில் ‘ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி’ என்று எழுதிப் போட்டிருந்தது. “சாட்சிய நான் துன்னே பாத்துக்கிறேன் மச்சி” என்றான்.

எனக்கும் தேட வேண்டியிருக்கவில்லை. திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற ரோட்டில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்துக்கும் கடலுக்கும் நடுவில்தான் எங்கள் குப்பம். போர் பைப்பில் வருகிற தண்ணீர் பாத்திரம் கழுவத்தான் ஆகும்; வாயில் வைத்தால் உப்பும் எண்ணெயும் கலந்து கரிக்கும். குடிக்கிற தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் லாரியில் வந்து, கோயிலுக்குப் பக்கத்துக் கறுப்பு டேங்க்கில் நிரம்பும். அந்த டேங்க்கின் மேல் ஊர்ச் சபை ஒரு போர்டு மாட்டியிருந்தது. ‘வீட்டுக்கு எட்டுக் குடம். அனைவருக்கும் சமம்.’ கீழே ஒரு பட்டியல், நாற்பத்திரண்டு வீடுகள்.

சொன்னது சபை. நம்புவது பெண்கள். பார்க்கப் போவது நான். மேடம் சொன்ன மூன்று பேரும் அங்கே இருந்தார்கள்.

இதை எழுதிக் கொடுத்த தாளைப் படித்துவிட்டு மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “உங்க வீடும் இந்தப் பட்டியல்ல இருக்கா?”

“இருக்கு மேடம். ஒரு வீடுதான்.”

“அந்த ஒரு வீட்டை வேற யாரையாவது விட்டுக் கேட்கச் சொல்லுங்க.”

சரி என்று தலையாட்டினேன். அப்படி யாரையும் விடவில்லை. எங்கள் வீட்டில் நான்தான் முதலில் பள்ளிக்கூடம் போனவன். அப்பா கைநாட்டு. அம்மாவுக்கு பஸ் நம்பர் மட்டும் படிக்கத் தெரியும். அந்த அம்மா என்னிடம் பொய் சொல்வாள் என்று எந்தப் பாடப்புத்தகம் சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

சபைத் தலைவர் ரொம்பச் சந்தோஷமாக அனுமதி கொடுத்தார். “நம்ம புள்ள ஆடிட் பண்றான்டா” என்று டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னார். ரிப்போர்ட்டை லேமினேஷன் போட்டு போர்டுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுகிறேன் என்றும் சொன்னார். மூன்று லாரி நாட்கள் நோட்டும் பேனாவுமாக டேங்க் பக்கத்தில் நின்றேன். குழாயடியில் நின்று குடத்தை எண்ணிவிடுவது ஓர் அக்காவின் வேலை. அவளுக்கு என்னைக் கண்டாலே சிரிப்பு.

“வந்துட்டாருப்பா ஆபீசரு. டேய், நீ எண்ணுனா தண்ணி ஜாஸ்தி வருமா? சொம்மா நிக்கற நேரத்துக்குக் கெய்விங்களுக்குக் குடத்த தூக்கி வுடு.”

தூக்கியும் விட்டேன், எண்ணவும் செய்தேன். மூன்று நாளும் முந்நூற்று முப்பத்தாறு. நாற்பத்திரண்டை எட்டால் பெருக்கினால் வருகிற அதே எண். அதோடு டேங்க்கும் காலி. அப்புறம் வீடு வீடாக ஒரு ஃபார்ம் எடுத்துக்கொண்டு போனேன். லாரி வருகிற அன்று உங்கள் வீட்டுக்கு எத்தனை குடம் வந்து சேர்கிறது, வீட்டில் எத்தனை பேர், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா. பல வீடுகளில் அவர்கள் சொல்ல நான்தான் எழுதினேன். எல்லோரும் எட்டு என்றார்கள். சிலர் நான் கேட்டு முடிக்கும் முன்னாலேயே எட்டு என்றார்கள். இவ்வளவு ஒழுங்காக ஓர் ஊர் இருக்கிறதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எல்லாச் சாட்சியும் ஒரே மாதிரி பேசினால் சந்தேகப்படு என்று ஒரு முழு வகுப்பு நடந்திருந்தது. அதை நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன்.

கடைசியாக அம்மாவிடம் வந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“லாரி வர்ற அன்னிக்கு நம்ம வூட்டுக்கு எத்தினி குடம்மா வருது?”

“எட்டு.”

“கரெக்டா எட்டா?”

“போர்டுல போட்டுக்கீதுல்ல எட்டுன்னு. அப்பறம் இன்னாத்துக்கு என்னியப் போட்டு பேஜார் பண்ற?”

எட்டு என்று எழுதிக்கொண்டேன். அன்றே ரிப்போர்ட்டையும் எழுதி முடித்தேன். சபை சொன்னது சரி, குறை எதுவும் தென்படவில்லை.

நாலைந்து நாள் கழித்து, லாரி வந்த ஒரு நாள் மத்தியானம். எழுதியதைப் பென்சிலோடு ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் சுவரோரமாகக் குடங்கள். கீழே நாலு, மேலே மூன்று. ஏழு.

மறுபடியும் எண்ணினேன். எல்லாம் தட்டுப் போட்டு மூடிய நிறைகுடங்கள். எட்டாவது குடம், எங்கள் ஊதாக் குடம், பின்வாசலில் கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். உள்ளேயும் வெளியேயும் தேய்த்துக் கழுவிப் பளிச்சென்று இருந்தது. பிளாஸ்டிக் குடத்தை உட்கார்ந்து தேய்க்க அம்மாவுக்கு என்றைக்கும் நேரம் இருந்ததில்லை. அது வேறு யாரோ கழுவித் திருப்பிக் கொடுத்த குடம்.

“இந்தத் தண்ணி எங்கம்மா போச்சு?”

அம்மா முதலில் மழுப்பினாள். “தண்ணி இன்னா தங்கமா? எங்கியோ போயிருக்கும் போ.” நான் நகரவில்லை. அப்புறம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கதவைச் சாத்தி வைத்துவிட்டுச் சொன்னாள்.

மீன் காயப்போடுகிற திடலுக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுக்காரர், தன் வலையை யாரோ அறுத்துவிட்ட ஒரு தகராறில் சபைக்கு வராமல் நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். தப்பை ஒப்புக்கொண்டு சபைக்கு முன்னால் வந்து விழுந்து எழுந்திருக்கச் சொன்னார்கள். நான் விழ மாட்டேன் என்றார். அன்றிலிருந்து ஊர் அந்த வீட்டோடு பேசக்கூடாது. படகில் ஏற்றக்கூடாது. டேங்க்கில் தண்ணீர் கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் இப்போது வள்ளூர்ப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். அவர்கள் குடிக்கத் தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள் என்று மட்டும் நான் யோசித்ததில்லை. கேன் வாங்குவார்கள் என்று எங்கேயோ மனசுக்குள் வைத்திருந்தேன்.

“கேன் வாங்க அவனுக்குத் தெனமும் வேல கீதா இன்னா? அந்தப் பொண்ணுக்குக் கைக்கொயந்த. லாரி வர்ற அன்னிக்கு எட்டு வூட்டுல ஆளுக்கு ஒரு குடம் அங்க போவும். அடுத்த லாரிக்கு வேற எட்டு வூடு. பின்பக்க செவுத்தாண்ட வெச்சுட்டு வந்துகினே இருப்போம். பேசறதுல்ல, திரும்பிப் பாக்கறதுல்ல. அது ஊத்திக்கினு, குடத்தக் கயுவி அங்கியே வெச்சிடும்.”

“யார் ஆரம்பிச்சது?”

“அது தெரியாது. எனக்குப் பக்கத்து வூட்டுக்காரி சொன்னா. அவளுக்கு யாரு சொன்னாளோ.”

“அப்ப என்கிட்ட ஏம்மா எட்டுன்னு சொன்ன?”

“உன்கிட்ட எங்கடா சொன்னேன்? நீ கையில வெச்சிருந்த காயிதத்துக்குச் சொன்னேன்.” ஊதாக் குடத்தை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். “ஏயுன்னு எய்திட்டன்னா தலைவரு பாப்பாரு. பாத்தா சபையக் கூட்டணும். கூட்டுனா அந்த எட்டுக் குடமும் போச்சு. நீயே சொல்லு, அதுக்கா உன்னப் படிக்க வெச்சது?”

நாற்பத்திரண்டு வீடும் சொன்னது பொய். அந்தப் பொய்யை என் கையெழுத்திலேயே வாங்கி வைத்திருக்கிறேன். நடந்ததை எழுதினால் ஒரு கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குத் தண்ணீர் நின்றுபோகும். எழுதாமல் அந்தப் பழைய ரிப்போர்ட்டையே கொடுத்தால், ‘அனைவருக்கும் சமம்’ என்பதற்கு என் கையெழுத்தோடு லேமினேஷன் தொங்கும். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொன்னாலும் தலைவர் விடமாட்டார், எதையோ பார்த்துவிட்டுத்தான் ஓடுகிறான் என்று தோண்ட ஆரம்பிப்பார்.

இரண்டு நாள் காலேஜுக்குப் போகும்போதும் வரும்போதும் இதையேதான் யோசித்தேன். டோல்கேட் வரைக்கும் ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பஸ். ரிப்போர்ட்டோடு வீடுகளின் பட்டியலையும் இணைக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்து, பஸ்ஸில் நின்றபடியே போனில் அந்த ஃபைலைத் தேடினேன். குப்பத்தில் எது டைப் அடிப்பதென்றாலும் என்னிடம்தான் வரும், இந்தப் பட்டியலும் நான் அடித்துக் கொடுத்ததுதான். தேடியதில் இரண்டு ஃபைல் இருந்தது. புதியதில் நாற்பத்திரண்டு பேர். பழையதில் நாற்பத்து மூன்று.

புதியதை அடித்தது போன வருஷம், செமஸ்டர் பரீட்சை நடந்த சமயம். தலைவர் போன் பண்ணி, “அந்த ஒரு பேர எட்த்துட்டு வேற பிரிண்டு போட்டுக் குடு நைனா” என்றார். ஒரு வரியை அழித்தேன். வரிசை எண்கள் தானாகச் சரியாகிக்கொண்டன. பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டேன். அந்த வீட்டின் தண்ணீரை நிறுத்தியது சபையின் வாய் என்றால், கை என்னுடையது. அதை நான் மறந்தும் போயிருந்தேன். தான் செய்த வேலையைத் தானே தணிக்கை செய்யக் கூடாது என்பது மூன்றாம் பாடம். அதற்கு ஐந்து மார்க் கேள்வி வரும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் மீன் திடலைத் தாண்டிப் போனேன். இவ்வளவு யோசித்தும், அந்த ஒரு வீட்டில் மட்டும் நான் ஒன்றுமே கேட்கவில்லை என்பது பஸ்ஸில்தான் உறைத்தது. அந்த வீட்டு அக்கா வாசலில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

“பேச வந்தியா, காயிதம் குடுக்க வந்தியா?”

“காயிதம்தான்க்கா.”

“அப்ப சரி. காயிதம் குடுக்கக் கூடாதுன்னு ஊர்ல சொல்லல.” எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்தாள். “குடு, நானே எய்திக்கிறேன். பத்தாவது வரைக்கும் படிச்சவதான் நானும். பொயுதுக்கும் நீயே எல்லாருக்கும் எய்துவியாமே.”

குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு எழுதினாள். எண்ணெயில் வழுக்கியது. கீழே விழாமல் பிடித்துக்கொள்வதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. எத்தனை குடம் என்ற இடத்தில் எட்டு. எத்தனை பேர் என்ற இடத்தில் மூன்று. ‘வேறு ஏதாவது’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“இன்னா வேணா எய்தலாமா?”

“எழுதலாம்க்கா. அதுக்குத்தான் விட்டிருக்கு.”

‘நான் வரிசையில் நின்று பிடிக்க விரும்புகிறேன்’ என்று எழுதினாள். மற்ற நாற்பத்திரண்டு ஃபார்மிலும் அந்த இடம் காலியாகவே இருந்தது.

“அதுங்க குடுக்குற தண்ணிக்கு நான் ஒரு கொறையும் சொல்லல. அதுங்க இல்லன்னா இது ஏது?” என்று குழந்தையைக் காட்டினாள். “ஆனா செவுத்துக்குப் பின்னால இருந்து எத்தினி நாளு எட்த்துக் குடிக்கறது? எய்து. ஆனா ஒண்ணு, அதுங்க யாரையும் மாட்டி வுட்டுடாத.”

இந்த இரண்டையும் சேர்த்து எப்படி எழுதுவது? முதலில் எழுதியதைக் கிழித்துவிட்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். கடைசியில் பாடத்திலிருந்தேதான் வழி கிடைத்தது. இருப்பதெல்லாம் மெய்யா என்று பார்ப்பது ஒன்று. இருக்க வேண்டியதெல்லாம் வந்திருக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. நான் முதலாவதை மட்டும் பார்த்திருந்தேன். இப்படி எழுதினேன்: குப்பத்தில் உள்ள வீடுகள் நாற்பத்து மூன்று. பட்டியலில் ஒரு வீடு விடுபட்டிருக்கிறது. பட்டியலைத் தட்டச்சு செய்தவரும் இந்த அறிக்கையை எழுதுபவரும் ஒருவரே. வீடுகளின் எண்ணிக்கையே தவறாக இருப்பதால், வீட்டுக்கு எட்டுக் குடம் என்பது பற்றி முடிவு சொல்ல இயலவில்லை. ஃபார்ம்களை நான் இணைக்கவில்லை. அவை அவரவர் வீட்டுக்குச் சொந்தம், வெளியிட எனக்கு அனுமதியில்லை என்று ஒரு வரி சேர்த்தேன்.

மேடம் வைவாவில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். “பட்டியல் போட்டது நீங்க. ஆடிட் பண்ணதும் நீங்க.”

“ஆமா மேடம்.”

“அப்ப இந்த வேலையையே நீங்க எடுத்திருக்கக் கூடாது. வீட்டையும் நீங்களேதான் பார்த்திருக்கீங்க.”

“ஆமா மேடம்.”

இருபத்தைந்துக்குப் பதினொன்று போட்டார். பிரியாணிக்குப் பத்தொன்பது.

தலைவரிடம் தருவதுதான் பாக்கி. வலை வைக்கிற ஷெட்டில் உட்கார்ந்திருந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் என்பதால் என்னையே வாசிக்கச் சொன்னார். முடித்ததும் ரொம்ப நேரம் வலையின் ஒரு முடிச்சையே நிமிண்டிக்கொண்டிருந்தார்.

“வுட்டுப் போச்சுன்னு போட்டுக்கீற.”

“ஆமா மாமா.”

“வுட்டது யாரு?”

நீங்கள் சொல்லித்தானே என்று வாய்வரை வந்தது. அது உண்மையும்கூட. “டைப் அடிச்சது நான்தான் மாமா.”

“அப்ப உன் தப்பு.”

“என் தப்புதான்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் குடங்களைப் பற்றி ஏற்கெனவே தெரியுமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவர் வீட்டு ஃபார்மிலும் எட்டு என்றுதான் இருந்தது. “நாயித்துக்கெயம சபைக்கு வா” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் ஷெட் ஓரமாக நின்றார்கள். தலைவர் சுருக்கமாக முடித்தார். “தண்ணி லிஸ்டுல ஒரு வூடு வுட்டுப் போயிருக்கு. டைப் அடிச்சதுல வந்த தப்பு. காலேஜுல இருந்தே காயிதம் வந்துக்கீது.”

“எம்.காம். படிக்கிறவனுக்கு நாப்பத்தி மூணு வரைக்கும் எண்ணத் தெரியல” என்று ஒருத்தர் சொன்னதும் சிரிப்பு எழுந்தது. எந்த வீடு என்று இன்னொருத்தர் கேட்டார். “அது அவனுக்குத் தெரியும். சேத்துடுவான்” என்றார் தலைவர். அந்த வீட்டின் பெயரைக் கடைசி வரைக்கும் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“தப்பு தப்புதான். வந்து வியுந்து எந்திரி.”

போன வருஷம் இதே இடத்தில் ஒருத்தர் விழ மாட்டேன் என்று நின்றிருந்தார். நான் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, சபைக்கு முன்னால் நெடுக விழுந்து எழுந்தேன். அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் அம்மா என்னை நிறுத்தி, சட்டையின் முன்பக்கம் இருந்த மணலைத் தட்டிவிட்டாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

ஊர் விலக்கை யாரும் நீக்கவில்லை. அதைப் பற்றிப் பேச்சே வரவில்லை. அவர் இன்னும் வள்ளூருக்குத்தான் போகிறார். பட்டியலில் ஒரு பேர் சேர்ந்தது, அவ்வளவுதான். நாற்பத்து மூன்று வீட்டுக்கு எட்டு எட்டாகத் தண்ணீர் பற்றாது என்பதால், போர்டில் ‘எட்டுக் குடம்’ என்பதற்குப் பக்கத்தில் ‘வரை’ என்று சிறிய எழுத்தில் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன். ஏழு வாங்குகிற எட்டு வீடு யார் என்பதை இப்போது எண்ணிவிடுகிற அக்கா உரக்கவே கூப்பிடுகிறாள்.

புதுப் பட்டியல் ஒட்டிய மறுநாள் லாரி வந்தது. திடல் வீட்டு அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பச்சைக் குடத்தோடு திடல் பக்கமிருந்து வந்தாள். வரிசையில் பேச்சு நின்றுபோனது. குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறிவிட்டு, ஓரிடத்தில் இடைவெளி தெரியவும் அங்கே குடத்தை வைத்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இப்படியே பேசாமல் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவதென்றால், அதற்குச் சுவரே தேவலை.

குழாயடி அக்காதான் வாயைத் திறந்தாள்.

“இன்னாடி, நேத்து லிஸ்டுல பேரு வந்துச்சு, இன்னிக்கே நடுவுல பூந்துகினு வர்ற? கடைசில போயி வை.”

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“நான் எங்கக்கா பூந்தேன்? சந்து வுட்டுட்டு வாயப் பாத்துகினு நின்னா வைக்காம இன்னா பண்ணுவாங்க?”

“பேச்சப் பாரு. ஒரு வருசமா சேத்து வெச்சிருப்பா போல” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அப்புறம் வரிசை முழுக்க ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தது. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு, முணுமுணுத்தபடியே கடைசிக்குப் போய் என் அம்மாவுக்குப் பின்னால் வைத்தாள்.